கண்புரைக்கு எந்த லென்ஸ்? மைனஸ் கண்ணாடியோடு வாழ்ந்து பழகிய அம்மாவுக்காக ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 67 வயது, இரண்டு கண்ணிலும் புரை. சிறு வயதிலிருந்தே கண்ணாடி, இப்போது மைனஸ் 5 அளவில் இருக்கிறது. பத்து வருடமாகச் சர்க்கரை. படிப்பதும் தையல் வேலையும் அவருக்கு உயிர். வண்டி ஓட்டுவதில்லை. டாக்டர் மோனோஃபோகல் (ஒரு தூரத்துக்கு மட்டும்), டோரிக் (சிலிண்டர் பவரைச் சரிசெய்வது), ட்ரைஃபோகல் (மூன்று தூரத்துக்கு) என்று மூன்று வகை லென்ஸைச் சொல்லி, வீட்டில் கலந்து பேசிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். "விலை கூடினதையே வைத்துவிடலாமா? அம்மாவுக்காகச் செலவு செய்யத் தயார்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

செலவு செய்யத் தயாராக இருப்பவர்கள்தான் இதில் அதிகம் குழம்புகிறார்கள். ஆபரேஷனுக்கு முன் கண்ணை அளந்து லென்ஸ் பவரைக் கணக்கிடுவது என் வேலை. என் எதிரே வந்து உட்காருகிறவர்கள் லென்ஸின் பெயரை விசாரிப்பார்கள், எந்த நாட்டுத் தயாரிப்பு என்பார்கள், எத்தனை வருடம் உழைக்கும் என்பார்கள். (கடைசிக் கேள்விக்குப் பதில்: ஆயுள் முழுக்க உழைக்கும், மாற்ற வேண்டியதில்லை.) "ஆபரேஷனுக்கு அப்புறம் எந்தத் தூரத்தில் எனக்குக் கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரியும்?" என்று கேட்பவர் அபூர்வம். உங்கள் அம்மா விஷயத்தில் அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும். லென்ஸ் வகையெல்லாம் அதற்குப் பிறகு.

விலைக்கும் பார்வையின் கூர்மைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆரோக்கியமான கண்ணில் சாதாரண மோனோஃபோகல் லென்ஸ் தரும் தூரப் பார்வையை விலை உயர்ந்த வகைகள் மிஞ்சுவதில்லை. மங்கலான வெளிச்சத்தில் ஒரு படியின் விளிம்பை அடுத்த படியிலிருந்து பிரித்துப் பார்க்கிற திறனில் மோனோஃபோகல்தான் முன்னால் நிற்கும். ட்ரைஃபோகலுக்குக் கொடுக்கிற கூடுதல் பணம், கண்ணாடி இல்லாமல் இன்னும் சில தூரங்களைப் பார்ப்பதற்கான பணம். அந்த வசதிக்கு வேறு வகையில் ஒரு விலையும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

புரை விழுந்த இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செயற்கை லென்ஸ் வைப்பதுதான் இந்த ஆபரேஷன். இயற்கை லென்ஸ் இளம் வயதில் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். தூரத்தைப் பார்க்கும்போது தட்டையாகும், பக்கத்தில் பார்க்கும்போது உப்பும். நாற்பதைத் தாண்டியதும் அந்த நெகிழ்வு குறைந்து வெள்ளெழுத்து வருகிறது. கண்ணுக்குள் வைக்கிற செயற்கை லென்ஸால் இப்படி உப்பிச் சுருங்க முடியாது. அப்படிச் செய்ய வைக்கும் முயற்சிகள் நடந்திருக்கின்றன, பலன் சொற்பம். ஆக, மோனோஃபோகல் லென்ஸ் வைத்தால் ஒரு தூரம்தான் கூர்மையாகத் தெரியும். எந்தத் தூரம் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே முடிவு செய்து, அதற்கேற்ற பவரில் லென்ஸை எடுக்க வேண்டும். சராசரிக் கண்ணுக்கு 20, 21 டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) அளவில் லென்ஸ் பவர் வரும். உங்கள் அம்மாவைப் போன்ற மைனஸ்காரர்களின் கண் முன்பின்னாக நீண்டிருக்கும், அந்த நீண்ட கண்ணுக்கு அதைவிடக் குறைவாக வரும். பெரும்பாலான லென்ஸ்கள் அரை அரை டயாப்டர் இடைவெளியில் கிடைக்கின்றன.

வழக்கமாக என்ன நடக்கிறது? யாரும் எதுவும் சொல்லாவிட்டால் தூரப் பார்வைக்குத்தான் பவர் வைப்பார்கள். அதாவது, ஆபரேஷன் முடிந்தபின் கண்ணின் பவர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும். எதிரே வருகிறவர் முகம், சுவர்க் கடிகாரம், பேருந்தின் பெயர்ப் பலகை எல்லாம் கண்ணாடி இல்லாமல் தெரியும். படிக்கக் கண்ணாடி வேண்டும். வாழ்க்கை முழுக்கத் தூரப் பார்வை நன்றாக இருந்தவருக்கு இது இயல்பான முடிவு. அவர் ஏற்கெனவே படிக்கக் கண்ணாடி போட்டுப் பழகியவர்தான்.

உங்கள் அம்மாவின் கதை நேர்மாறு. மைனஸ் 5 என்றால், கண்ணாடியைக் கழற்றினால் சுமார் 20 சென்டிமீட்டரில் அவருக்குப் பார்வை கூர்மையாக விழும். ஊசியில் நூல் கோக்க, பொடி எழுத்துப் படிக்க, துணியில் இழை எண்ண, கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். அனேகமாகச் செய்வார். ஐம்பது வருடப் பழக்கம் அது. அவரிடம் கேட்டாலும் "எனக்குக் கிட்டத்துப் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது, தூரம்தான் தெரியவில்லை" என்றுதான் சொல்வார். அதைக் கேட்டு நாம் தூரத்துக்கு லென்ஸ் வைத்துவிட்டால், தூரம் பளிச்சென்று வரும், தட்டில் இருக்கிற சாப்பாடும் கைப்பேசியும் மங்கிவிடும். படிக்கக் கண்ணாடி போட்டால் தெரியும்தான். ஆனால் காலையில் எழுந்ததும் கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் கூர்மையாகத் தெரிந்த உலகம் போய்விட்டதே என்று வருத்தப்படுகிற மைனஸ்காரர்கள் உண்டு. ஆபரேஷனில் குறையில்லை, லென்ஸிலும் குறையில்லை. இலக்கைத்தான் யாரும் அவரிடம் கேட்கவில்லை.

மாற்று வழி, கிட்டத்தை இலக்காக வைப்பது. ஆபரேஷனுக்குப் பிறகு மைனஸ் 2.5 மிச்சம் இருக்கும்படி பவர் தேர்ந்தெடுத்தால் 40 சென்டிமீட்டரில் கூர்மை விழும். அது புத்தகத்தை மடியில் வைத்துப் படிக்கிற தூரம், தையலுக்கும் ஏற்றது. தூரத்துக்கு எப்போதும் போலக் கண்ணாடி. முன்பு மைனஸ் 5 கனத்தில் போட்டவருக்கு மைனஸ் 2.5 கண்ணாடி மெலிதாகத்தான் இருக்கும். ஒரே சங்கடம், 20 சென்டிமீட்டரில் பார்த்துப் பழகியவருக்கு 40 சென்டிமீட்டரில் எழுத்து சிறியதாகத் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும், பழகிக்கொள்வார்.

நடுவழியும் இருக்கிறது. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கொஞ்சம் பக்கத்துக்கும் வைப்பது. மோனோவிஷன் என்பார்கள். பொதுவாக எந்தக் கண் ஆதிக்கம் செலுத்துகிறதோ அதைத் தூரத்துக்கு விட்டு, இன்னொன்றில் மைனஸ் 1 அல்லது 1.5 மிச்சம் வைப்பார்கள். வீட்டுக்குள் பெரும்பாலான வேலை கண்ணாடி இல்லாமலே ஓடும். நெடுநேரப் படிப்புக்கும் நுணுக்கமான தையலுக்கும் கண்ணாடி தேவைப்படும். விலை ஏறாத மோனோஃபோகல் லென்ஸிலேயே இதைச் செய்யலாம் என்பதால் எனக்கு இதன்மேல் கொஞ்சம் பாசம் உண்டு. ஆனால் எல்லாருக்கும் ஒத்துவராது. முன்பு காண்டாக்ட் லென்ஸில் இப்படிப் போட்டுப் பழகியவர்களுக்கு நன்றாக அமையும். மாறுகண், சிறு வயதிலிருந்தே ஒரு கண் சோம்பல் போன்ற பிரச்சினை இருந்தால் வேண்டாம்.

இன்னொரு விஷயம், மைனஸ்காரர்களுக்கு மட்டும். முதல் கண்ணைத் தூரத்துக்கு வைத்துவிட்டால், இரண்டாவது ஆபரேஷன் வரை ஒரு கண் பூஜ்யம், மறு கண் மைனஸ் 5. இரண்டு கண்ணும் ஒரே பொருளை வெவ்வேறு அளவில் காட்டும். கண்ணாடியால் இதைச் சரிசெய்ய முடியாது. தலைசுற்றல், படியிறங்கும்போது தடுமாற்றம் எல்லாம் வரும். அந்த இடைவெளியைக் குறுக்குவது, அல்லது ஆபரேஷன் ஆகாத கண்ணில் காண்டாக்ட் லென்ஸ் போடுவதுதான் வழி. மைனஸ் 2.5 இலக்கு என்றால் இந்தத் தொல்லை பாதியாகிறது.

சரி, இலக்கு வைத்தால் போதுமா, குறி தப்பாமல் விழ வேண்டாமா? 1949இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்டு ரிட்லி உலகில் முதல்முறையாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். போர் விமானத்தின் மேல்மூடித் துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் தைத்திருந்தும் கண் அவற்றை எதிர்க்காததைக் கவனித்து, அதே வகை அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்யவைத்தார். பொருள் சரி, யோசனை சரி, பவர்தான் தப்பிவிட்டது. இயற்கை லென்ஸின் வளைவை அப்படியே பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தார்கள். பிளாஸ்டிக் ஒளியை அதைவிட அதிகமாக வளைக்கும். நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்தது. லென்ஸைவிடக் கணக்கு முக்கியம் என்பதற்கு அந்த முதல் ஆபரேஷனே சாட்சி.

இன்றைக்கும் கணக்கின் உயிர், கண்ணின் நீளத்தில் இருக்கிறது. சராசரியாக 23, 24 மில்லிமீட்டர். அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கிட்டத்தட்ட 2.5 முதல் 3 டயாப்டர் வரை தப்பும். ஒளியால் அளக்கும் கருவிகள் வந்தபின் இந்தப் பிசகு வெகுவாகக் குறைந்துவிட்டது. புரை மிகவும் முற்றிப்போய் ஒளி ஊடுருவாவிட்டால் பழையபடி அல்ட்ராசவுண்ட் ஏ-ஸ்கேன்தான். நீண்ட கண்களில் பழைய சூத்திரங்கள் பிளஸ் பக்கம் தவறவிடும் பழக்கம் உண்டு. பாரெட், கேன் போன்ற புதிய சூத்திரங்கள் அதில் மேல். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இலக்கிலிருந்து அரை டயாப்டர் இப்படி அப்படிப் போவது சாதாரணம். "கண்ணாடியே வேண்டாம், உத்தரவாதம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அளவு சரியாக வர நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. அம்மா காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவராக இருந்தால், டாக்டர் சொல்கிற நாள் கணக்குப்படி அதை முன்பே நிறுத்த வேண்டும். கருவிழியின் (கண்ணின் முன்பக்கம் இருக்கும் கார்னியா) வளைவை அது மாற்றிவைத்திருக்கும். கண் வறட்சி இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் பார்த்துவிட்டு அளப்பதுதான் முறை. வறண்ட கருவிழி ஒவ்வொரு முறையும் ஒரு அளவு காட்டும். எப்போதாவது லேசர் செய்து கண்ணாடியை விட்டவர் என்றால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், பழைய சீட்டு கிடைத்தால் கொண்டுபோக வேண்டும். கருவிழியை லேசரில் மாற்றிய கண்ணுக்கு வழக்கமான சூத்திரம் தவறான பவரைத்தான் தரும்.

அடுத்தது டோரிக். இதை ட்ரைஃபோகலோடு ஒரே வரிசையில் வைத்து விலைப்பட்டியல் போடுவதால் குழப்பம் வருகிறது. டோரிக் என்பது சிலிண்டர் பவரைச் சரிசெய்கிற லென்ஸ். மோனோஃபோகலிலும் டோரிக் உண்டு, ட்ரைஃபோகலிலும் உண்டு. கருவிழி ஒரு பக்கம் அதிகமாகவும் குறுக்கே குறைவாகவும் வளைந்திருந்தால் சிலிண்டர் வருகிறது. அந்த வித்தியாசம் ஒரு டயாப்டரைத் தாண்டினால் டோரிக் வைப்பதில் நல்ல பலன் உண்டு. கால், அரை டயாப்டருக்கு அது வீண். அம்மாவின் கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் இருப்பதை மட்டும் பார்த்து முடிவுகட்டாதீர்கள். அதில் ஒரு பகுதி புரை விழுந்த இயற்கை லென்ஸிலிருந்து வந்திருக்கலாம், அந்த லென்ஸ்தான் வெளியே போகப்போகிறதே. கருவிழியில் எவ்வளவு என்று கேளுங்கள்.

டோரிக் லென்ஸ் குறித்த கோணத்தில் உட்கார வேண்டும். ஒரு டிகிரி திரும்பினால் பலனில் சுமார் 3 சதவீதம் போகும், 30 டிகிரி திரும்பினால் பலனே இல்லை. திரும்பிவிட்டால் ஆரம்ப நாட்களிலேயே மறுபடி சரியான கோணத்துக்குச் சுழற்றி வைப்பார்கள். நீண்ட கண்களில் லென்ஸ் உட்காரும் பை பெரிதாக இருக்கும் என்பதால் இந்தக் கவலை கொஞ்சம் கூடுதல். இருந்தாலும் சிலிண்டர் கணிசமாக இருந்தால், கூடுதல் செலவுக்கு நியாயமான காரணம் என்று நான் நினைப்பது இதைத்தான். தூர இலக்கோ, கிட்ட இலக்கோ, இரண்டிலும் பார்வையைக் கூராக்கும். பதிலுக்கு எதையும் பிடுங்கிக்கொள்ளாது.

ட்ரைஃபோகல் பிடுங்கிக்கொள்ளும். ஒரு குடம் தண்ணீரை மூன்று பாத்திரத்தில் ஊற்றினால் ஒன்றும் நிறையாது. அதுபோலத்தான், கண்ணுக்குள் வரும் ஒளியை இந்த லென்ஸ் வளைய வளையமான நுண்படிகளால் தூரம், கை நீட்டும் தூரம், படிக்கும் தூரம் என்று பங்கிடுகிறது. கொஞ்சம் ஒளி எந்தப் பாத்திரத்திலும் விழாமல் சிதறியும் போகிறது. நல்ல விழித்திரைக்கு இந்தப் பங்கு போதும். பலர் கண்ணாடியை மறந்து சந்தோஷமாக இருக்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி வளையம், எதிர் வெளிச்சத்தில் கூச்சம், மங்கல் வெளிச்சத்தில் படிக்கச் சிரமம் ஆகியவை மோனோஃபோகலைவிட அதிகம். மூளை பழகச் சில மாதங்கள் ஆகும். சிலருக்குப் பழகாமலே போய், லென்ஸை எடுத்து மாற்றும் நிலையும் வருகிறது.

யாருக்கு வேண்டாம் என்பதில் கண் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. மாக்குலா எனப்படும் விழித்திரையின் மையப் பகுதியில் கோளாறு, சர்க்கரையால் விழித்திரை பாதிப்பு, முற்றிய கிளாக்கோமா (கண் அழுத்த நோய்), கருவிழி ஒழுங்கில்லாமல் இருப்பது, கட்டுக்குள் வராத கண் வறட்சி இவற்றில் எது இருந்தாலும் ஒளியைப் பங்கிடும் லென்ஸைத் தவிர்ப்பார்கள். இரவில் வண்டி ஓட்டுவதே தொழில் என்றாலும் யோசிப்பார்கள். குணமும் ஒரு காரணம்: சின்னப் பிசகையும் பொறுக்காத ஆளுக்கு இந்த லென்ஸை வைக்க அனுபவமுள்ள டாக்டர்கள் தயங்குவார்கள்.

உங்கள் அம்மாவுக்குப் பத்து வருடச் சர்க்கரை. இன்று விழித்திரை சுத்தமாக இருக்கலாம். இன்னும் பத்து, பதினைந்து வருடத்தில் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒளியில் ஒரு பங்கை ஏற்கெனவே இழந்த கண்ணில் விழித்திரையும் பலவீனப்பட்டால் இரண்டும் சேர்ந்து அடிக்கும். அதனால் எந்த லென்ஸ் என்று பேசுவதற்கு முன் மாக்குலாவுக்கு ஓசிடி ஸ்கேன் (விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுப்பது) எடுத்தார்களா என்று கேளுங்கள். மைனஸ்காரர் என்பதால் கண் பாப்பாவை மருந்து விட்டு விரித்து விழித்திரையின் ஓரங்களையும் பார்க்க வேண்டும். நீண்ட கண்களில் ஆபரேஷனுக்குப் பிறகு விழித்திரை விலகும் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல். திடீரென்று மின்னல் வெட்டுவதுபோலத் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல ஒரு பக்கம் மறைந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

ட்ரைஃபோகலுக்கும் மோனோஃபோகலுக்கும் நடுவே ஈடாஃப் என்று ஒரு வகை. தனித்தனியாகப் பங்கிடாமல் கூர்மையான பகுதியைத் தூரத்திலிருந்து கை நீட்டும் தூரம் வரை நீட்டித் தரும். கணினி, சமையல் மேடை போன்றவற்றுக்கு வசதி. பொடி எழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படும். உங்கள் டாக்டர் இதைச் சொல்லவில்லை என்பதால் நீட்டவில்லை.

பொருள், நிறம், விளிம்பு பற்றியெல்லாம் விளம்பரத் தாளில் நிறைய இருக்கும். மடித்து உள்ளே செலுத்தும் ஹைட்ரோஃபோபிக் (நீர் ஒட்டாத) அக்ரிலிக், விளிம்பு சதுரமாக வெட்டப்பட்டது என்றால் போதும். லென்ஸைத் தாங்கும் பையின் பின்சுவர் பிறகு மங்கிப்போவது அதில் குறைவு. மங்கினாலும் சில நிமிட யாக் லேசரில் சரியாகிவிடும், அதைத்தான் "புரை திரும்ப வந்துவிட்டது" என்று தவறாகச் சொல்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: ட்ரைஃபோகல் வைத்துத் திருப்தியில்லாத கண்ணுக்கு அவசரப்பட்டு யாக் லேசர் செய்யக் கூடாது, அதற்குப் பிறகு லென்ஸை மாற்றுவது கடினம். மஞ்சள் நிற லென்ஸ் மாக்குலாவைக் காப்பாற்றும் என்பது நிரூபிக்கப்படவில்லை. மஞ்சளாக இருந்தாலும் தீங்கில்லை, அதற்காகத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

என் அபிப்பிராயம் இது. விழித்திரை நன்றாக இருந்தாலும் அம்மாவுக்கு நான் ட்ரைஃபோகல் பக்கம் போக மாட்டேன். மோனோஃபோகல், கருவிழியில் சிலிண்டர் ஒரு டயாப்டருக்கு மேல் இருந்தால் மோனோஃபோகல் டோரிக். இலக்கு தூரமா கிட்டமா என்பதை நீங்களோ நானோ முடிவு செய்யக் கூடாது, அம்மாதான் சொல்ல வேண்டும். "கண்ணாடி போடாமல் எதைச் செய்ய ஆசை?" என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். கோயிலுக்கோ கடைக்கோ கண்ணாடி இல்லாமல் நடந்து போக வேண்டும் என்று ஐம்பது வருடமாக ஏங்கியிருந்தால், தூரத்துக்கு வையுங்கள், தையலுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும். தலையணைக்குப் பக்கத்தில் புத்தகம் கிடக்க வேண்டும் என்றால் மைனஸ் 2.5. பதில் சொல்ல அவருக்கு ஓரிரு நாள் கொடுங்கள், கண்ணாடி எப்போது கழற்றுகிறார், எப்போது தேடுகிறார் என்று கவனிக்கச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் போகும்போது அந்தப் பதிலை வாய்வார்த்தையாக விடாமல் இலக்கு எண்ணாகக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆபரேஷன் மேசையில் பை கிழிந்து திட்டமிட்ட லென்ஸை வைக்க முடியாமல் போனால் மாற்றாக எதை வைப்பார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். அபூர்வமாகத்தான் நடக்கும், டோரிக் திட்டமிட்டவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. முதல் கண் ஆறியதும் பவர் எங்கே வந்து நின்றது என்று பார்த்துவிட்டு இரண்டாவது கண்ணின் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். லென்ஸின் பெயர், பவர், வரிசை எண் உள்ள ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையைத் தருவார்கள், அதைச் சர்க்கரைச் சீட்டுகளோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.